நாலு கிலோ தாங்கும்

கை வெட்டுப்பட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஷோபனாவிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எப்பம்மா சரியாகும்?" அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. கையைக் கொண்டுபோய் அறுக்கிற இடத்தில் வைக்கும்போது யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தைத்து முடித்து, கட்டுப் போட்டு, அவள் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அத்தனை கேள்வியும் வரும்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரமாக ஓர் அறக்கட்டளை நடத்துகிற ஆஸ்பத்திரி அது. பெயர் என்னத்துக்கு, விடுங்கள். ஷோபனா அங்கே பிசியோதெரபிஸ்ட், அதுவும் தற்காலிகம். வருடா வருடம் நீட்டிப்பார்கள். கைக்கென்று தனி அறை கொடுத்திருந்தார்கள். அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, எதிரெதிரே நாற்காலிகள், ஸ்ப்ளின்ட் என்கிற கைத்தாங்கி செய்கிற பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்க ஒரு தட்டு, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தருகிற ஒரு ஃபேன். தை, மாசியில் அறுப்பு மெஷினில் கையை விட்டவர்கள் வருவார்கள். பங்குனியில் உளுந்துச் செடி அறுக்கப் போய் விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டவர்கள். நடுநடுவே மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள், இளநீர் சீவுகிறவர்கள், கோபத்தில் கண்ணாடியைக் குத்தியவர்கள். கோபத்தில் குத்தியவர்கள்தான் அதிகம் அழுவார்கள்.

விரலை மடக்குகிற சதை விரலில் இல்லை. முன்கையில் இருக்கிறது. அங்கே இழுக்கிற இழுப்பை வெள்ளைக் கயிறு மாதிரி ஒன்று உள்ளங்கை வழியாக விரல் நுனிக்குக் கொண்டுபோகிறது. டாக்டர்கள் டெண்டன் என்பார்கள், புத்தகத்தில் தசைநாண் என்று போட்டிருக்கும், ஜனங்களுக்கு எல்லாமே நரம்புதான். அது அறுந்தால் விரல் நீட்டினபடி நின்றுவிடும். தைத்தால் சேரும். ஆனால் சேருகிற வரைக்கும் அசைக்காமல் வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விரல் மரக்கட்டைதான். அதிகமாக அசைத்தாலோ தையல் விட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்தில்தான் ஷோபனா சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு இழைத் தையல்தான். அறுந்த இரண்டு முனையையும் குறுக்கே இரண்டு இழை ஓடிப் பிடித்திருக்கும். அது பலமில்லாதது என்பதால் வாரக்கணக்கில் கட்டிப்போட்டு வைப்பார்கள். கட்டைப் பிரித்து ஷோபனாவிடம் அனுப்பும்போது பாதிப் பேருக்கு விரல் ஒட்டிப்போயிருக்கும். அவள் மாசக்கணக்கில் பிசைந்து இழுத்து மன்றாடிக் கொஞ்சம் மடக்க வைப்பாள். அவர்கள் போகும்போது அவளைத்தான் முறைத்துவிட்டுப் போவார்கள்.

டாக்டர் தமிழரசன் வந்த பிறகு அது மாறியது. சின்ன வயசு, எடுத்த காரியத்தில் பிடிவாதம். நாலு இழை போட்டுத் தைத்து, மேலே மெல்லிய நூலால் விளிம்பைச் சுற்றி ஓட்டிவிட்டால், சில நாளிலேயே மெதுவாக மடக்க ஆரம்பிக்கலாம் என்றார். சொன்னால் நம்புகிற இடமா அது? ஹஸ்ஸான் பாய் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கால் வாங்கி வரச் சொன்னார். ஒரு சாயங்காலம் முழுக்க ஷோபனாவின் மேசையிலேயே உட்கார்ந்து, ஆட்டின் நரம்பை உருவி, வெட்டி, இரண்டு விதமாகவும் தைத்து, கொக்கியில் மாட்டி எடை ஏற்றிப் பார்த்தார். இரண்டு இழைத் தையல் இரண்டு கிலோவிலேயே வாயைத் திறந்தது. நாலு இழைத் தையல் நாலு கிலோ வரைக்கும் அசையவில்லை. எடையை ஏற்றி ஏற்றி வைத்தது ஷோபனாதான். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அறை முழுக்கக் கறிக்கடை வாடை. இருந்தாலும் அவளுக்கு அந்தச் சாயங்காலம் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வந்த கைகள் மடங்கின. அவள் வேலையில் அத்தனை வருடத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ராசு வந்தது தடைக்காலத்தில். சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் நிறுத்தி வைக்கிற காலம். நாகப்பட்டினம் பக்கத்துக் கரையில் படகை ஏற்றி வைத்து, படகுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியில் சுற்றியிருந்த பழைய வலையைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார் ராசு. கத்தி வழுக்கி வலது கையில் நடுவிரலையும் மோதிரவிரலையும் குறுக்கே வாங்கிவிட்டது. நாற்பத்தைந்து வயசு இருக்கும். கூட எப்போதும் அவர் மனைவி எல்லையம்மாள் வருவாள். நாகப்பட்டினத்தில் மீன் விற்கிறவள். கணவனை விடக் கட்டையான, கணவனை விடச் சத்தமான பெண்.

தமிழரசன் நாலு இழை போட்டுத் தைத்து ஷோபனாவிடம் அனுப்பினார். கையின் பின்பக்கம் ஸ்ப்ளின்ட் தகடு. விரல் முழுசாக நீளாது, உள்பக்கம் மடக்கலாம். மடக்கச் சொன்னால் ராசு மடக்கவில்லை.

"அண்ணே, மெதுவா மடக்குங்க."

"அறுந்துடும்மா."

"அறாது. நான் கூடத்தானே இருக்கேன்."

"இல்லம்மா, உள்ள இழுக்குது. அறுந்துடும்."

இப்படியே இரண்டு தடவை வந்து போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி, திருவாரூரில் மாறி, அவள் எதிரில் உட்கார்ந்து, வேர்த்து, மடக்காமல் திரும்பிப் போனார்கள். விரல் வீங்கி இறுக ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஷோபனாவின் கைக்குத் தெரிந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது கரண்ட் இல்லை. அக்கினி நட்சத்திரம். வெளியே பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஷோபனா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டது, அதற்கப்புறம் டீ கூட இல்லை. ராசு கையை மேசைமேல் வைத்துவிட்டு அதை யாரோ அந்நியன் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுந்துடும்மா" என்றார்.

ஷோபனாவுக்குச் சீ என்று ஆகிவிட்டது. "அறவே அறாதுண்ணே. நாலு இழை போட்டுத் தைச்சிருக்கு. நாலு கிலோ தாங்கும். போதுமா?"

ராசு நிமிர்ந்தார். "நாலு கிலோவா?"

"எடை போட்டே பாத்தது."

"யாரும்மா பாத்தது?"

"நானே கூட இருந்து பாத்தேன்."

"என்ன நூலு?"

"உங்க நைலான் மாதிரிதான்ணே. அதுல மெல்லிசு."

ராசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இல்லாத தெளிவு இப்போது இருந்தது. "நம்ம நூலுதானாம்" என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மடக்கினார். இரண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மெதுவாக வந்தன. எல்லையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நாலு கிலோ செத்த ஆட்டின் நரம்பில், மேசைமேல், நேராக ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தது என்று ஷோபனா சொல்லவில்லை. உயிருள்ள உடம்பில் தைத்த நரம்பு முதல் இரண்டு மூன்று வாரத்தில் இறுகுவதற்கு முன்னால் இளகும், அதுதான் இருக்கிறதிலேயே பலவீனமான காலம் என்று சொல்லவில்லை. நாலு கிலோ என்பது உள்ளே தைத்த இடத்துக்கு, விரல் நுனிக்கு இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா? பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் அவளே சொல்லிக்கொடுப்பதுதான். சொல்ல ஆரம்பித்தால் நேரம் பிடிக்கும், அவர் மறுபடி பயந்துகொண்டு மடக்க மாட்டார், வெளியே சுவரோரமாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எடை எதுவும் தூக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதை எல்லாரிடமும் சொல்வாள், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள்.

அடுத்த தடவை ராசு வந்தபோது விரல் நன்றாக மடங்கியது. அதற்கடுத்த தடவையும். ஷோபனா தமிழரசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தீங்களா" என்று அவர் தன் தையலைத் தானே மெச்சிக்கொண்டார். ராசு இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒருநாள், வரச் சொல்லாத நாளில் வந்தார்கள். எல்லையம்மாள் பேசவே இல்லை. ஷோபனா கையை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஸ்ப்ளின்ட்டைக் கழற்றினாள். நடுவிரல் மடங்கியது. மோதிரவிரல் விறைத்துக்கொண்டு நீட்டினபடி கிடந்தது. "மடக்குங்கண்ணே" என்றாள். அவர் முன்கையில் சதை திரண்டது. விரலுக்கு அந்தச் சேதியே வரவில்லை.

"என்ன ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா" என்றார் ராசு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தமிழரசன் வந்து பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தையல் விட்டுப்போயிருந்தது. அவர் ஷோபனாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சோர்ந்து போயிருந்தார்.

"ஸ்ப்ளின்ட்டோட வழுக்கினதுக்கே விட்டுடுச்சுன்னா நம்ம தையலை நம்பி அசைக்க முடியாது ஷோபனா. நாளைக்குத் திறந்து மறுபடி தைக்கிறேன். ஆனா இவருக்கு இனிமே அசைவு வேணாம். கட்டிப்போட்டு வச்சுடுவோம். இனி வர்றவங்களுக்கும் பழையபடியே செஞ்சுடலாம்."

"ஒட்டிக்குமே சார்."

"ஒட்டினா ஒட்டட்டும். அறுந்துபோறதுக்கு ஒட்டிக்கிறது மேல்."

ராசுவின் விரல் கட்டையாகப் போகப் போகிறது என்பதைத்தான் அவர் அந்தப் பேச்சில் சொல்லிவிட்டுப் போனார். மோதிரவிரல் மடங்காமல் துருத்திக்கொண்டு நின்றால் அந்தக் கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது. வலையில் மாட்டும், வலை இழுக்கிற வின்ச்சில் மாட்டும். கடல் வேலைக்கு அந்த விரலே இல்லாத கையை விட மோசம்.

ராசுவை வார்டில் சேர்த்தார்கள். பழைய கட்டை மாற்றும்போது ஷோபனா அந்த மோதிரவிரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனி மடிப்பில், குறுக்கே, மெல்லிசாக ஒரு நீலக் கோடு. பையின் காது அழுத்தினால் விழுகிற கோடு. காய்கறி தூக்கி வருகிற எல்லாப் பெண்களின் விரலிலும் அது விழும். ராசு கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"அண்ணே."

"வழுக்கிட்டேன்னு சொன்னேன்ல" என்றார். "விட்டுடுங்கம்மா."

ஷோபனா புதுக் கட்டை எடுத்துப் பிரித்தாள். தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் இந்த மனுஷன் பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். நாலு கிலோ என்று சொன்னவள் அவள். அதை நம்பித்தான் எதையோ தூக்கியிருக்கிறார். அவள் வேலைக்கு வேட்டு வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் நினைத்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வார்டை விட்டு வெளியே வந்தபோது, எல்லையம்மாள் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, ஒரு கிலோவுக்குமா அறும்?" என்றாள்.

ஷோபனா நின்றாள்.

"நாலுன்னு சொன்னீங்களே. ஒரு கிலோவுக்கு எப்படிம்மா அறும்?"

எல்லையம்மாள் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே கணக்குப் புரியாமல் கேட்டாள். இத்தனை நாள் சத்தமாகப் பேசிய பெண்ணுக்கு அன்று குரல் தொண்டைக்கு மேலே வரவில்லை.

"தடைக்காலம் முடியப் போவுதும்மா. ரெத்தினம் படகுக்கு ஆள் சேர்க்குறாங்க. ஏறுறியா இல்லையான்னு வாக்குக் கேட்டு ஆள் வந்துச்சு. எங்க கரையில வாக்குக் குடுத்துட்டு அன்னைக்குப் போயி ஏறாம நின்னா, அப்புறம் எந்தப் படகுலயும் மதிக்க மாட்டாங்க. இவருக்குப் பொய்யா வாக்குக் குடுக்கப் புடிக்கல. கை தாங்குதான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்னாரு. நூலு வாங்குனா நாங்க அப்படித்தாம்மா பாப்போம். கடைக்காரன் பத்து கிலோ தாங்கும்பான். நாங்க அஞ்சு கிலோ கட்டிப் பாத்துட்டுத்தான் கடலுக்குக் கொண்டுபோவோம். நீங்க நாலுன்னீங்க. பாதி ரெண்டு. அதுவும் வேணாம், மனுசக் கையாச்சேன்னு, நான்தான் என் தராசுல கெடந்த ஒரு கிலோ கல்லை எடுத்து கேரி பேக்குல போட்டேன். நான்தாம்மா அவரு விரல்ல மாட்டினேன். டப்புன்னு ஒரு சத்தம். அவரு கத்தக்கூட இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் மாட்டினேன்னு தெரிஞ்சா டாக்டரு மறுபடி தைக்க மாட்டேன்னுடுவாருன்னு அவருக்குப் பயம். அதான் வழுக்கினேன்னு சொன்னாரு. நீங்க சொல்லிடாதீங்கம்மா."

ஆக ராசு காப்பாற்றியது தன் மனைவியையும் தன் விரலையும். ஷோபனா அவருடைய கணக்கிலேயே இல்லை. அவர் தனக்காகப் பொய் சொல்கிறார் என்று உருகிப்போனாளே, என்ன நினைப்பு அவளுக்கு! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், இந்த இரண்டு பேருக்கும் அவள்மேல் கோபமே இல்லை என்பது. அவள் சொன்ன எண்ணை அவர்கள் சந்தேகப்படவே இல்லை. கல்லைத்தான் சந்தேகப்பட்டார்கள், கையைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"கல்லு சரியாத்தாம்மா இருக்கு" என்றாள் எல்லையம்மாள். "நான் எடையில ஏமாத்துறவ இல்ல."

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ஷோபனா வெளியே பார்க்கவில்லை. வழியெல்லாம் ஒரு யோசனை அவளை நச்சரித்துக்கொண்டே வந்தது. எடை கட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் தமிழரசனிடம் சொன்னால் போதும். தையல்மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும். அசைவு நிற்காது. ராசுவின் விரல் பிழைக்கும். ஏன் எடை கட்டினார்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? இந்த ஜனங்கள் எதையாவது செய்துகொண்டுதானே இருப்பார்கள் என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனி மாசம் அவள் வேலையை நீட்டிக்க வேண்டும். யோசித்து யோசித்து வீட்டுக்குப் போனதும் சாப்பிடாமலே படுத்தாள். தூக்கம் வந்தது. அவ்வளவு அசதி.

காலையில் ஆபரேஷனுக்கு முன்னால் தமிழரசன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"சார், அவர் வழுக்கி விழல. விரல்ல எடை மாட்டிப் பாத்திருக்காங்க. ஒரு கிலோ."

தமிழரசன் கிளாஸைக் கீழே வைத்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதிதான். அப்புறம்தான் எரிச்சல். "அறிவிருக்கா இவங்களுக்கு? தைச்ச விரல்ல எவனாவது எடை மாட்டுவானா? யாரு இவங்களுக்கு இப்படி ஒரு யோசனை குடுத்தது?"

இங்கே ஷோபனா வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அவர் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"நான்தான் சார். நாலு கிலோ தாங்கும்னு நான் சொன்னேன்."

"எந்த நாலு கிலோ?"

"நம்ம ஆட்டுக்கால் நாலு கிலோ."

அவர் அவளையே பார்த்தார். "வாளியை உடம்போட ஒட்டித் தூக்குறதுக்கும் கையை நீட்டித் தூக்குறதுக்கும் எவ்வளவு வித்தியாசம். விரல் நுனியில ஒரு கிலோ தொங்கினா உள்ள தைச்ச இடத்துல அஞ்சு கிலோ வரும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"அவர் மடக்கல சார். ஒட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு முடியல."

தமிழரசன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. கடைசியில், "நான் இதை மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"சொல்லுங்க சார். ஆனா அசைவை நிறுத்தாதீங்க. தையல் தானா விட்டுப்போகல, நாங்கதான் விட வச்சோம்."

"நிறுத்தலன்னா யாரு பாத்துக்கிறது? முனை ரெண்டும் நைஞ்சுபோயிருக்கும். வெட்டித்தான் சேர்க்கணும். இன்னொரு தடவை போச்சுன்னா அப்புறம் தைக்க அங்க ஒன்னும் மிச்சம் இருக்காது."

"நான் பாத்துக்கிறேன் சார்" என்றாள். வேறு யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கையை மட்டும் மரக்கவைத்துத்தான் ஆபரேஷன். ராசு முழித்துக்கொண்டே இருந்தார். திறந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். தமிழரசனும் காட்டியிருக்கிறார். அன்று மத்தியானம் ஷோபனா வார்டுக்குப் போனபோது, ராசு தலையணையில் சாய்ந்து கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லையம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நூலு அறலம்மா" என்றார் அவளைப் பார்த்ததும். "முடிச்சுகூட அவிழல. நாலு இழையும் அப்படியே இருந்துச்சு. நரம்புதான் பிஞ்சு வந்திருக்கு. நைஞ்ச வலையில புது நூலைப் போட்டு இழுத்தா இப்படித்தான் வரும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லண்ணே. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். அந்த நாலு கிலோ உங்க கையில பாத்தது இல்ல. ஆட்டுக்கால்ல பாத்தது. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கல்லு மாட்டினதையும் சொல்லிட்டேன், ஏன் மாட்டினீங்கன்னும் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

எல்லையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆட்டுக்கால்லயா?" என்றாள். இப்போது கோபம் வந்துவிடும், திட்டட்டும் என்று ஷோபனா நின்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். எல்லையம்மாள் கணவனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்களுக்கும் அந்த நாலு புடிச்சுப் போச்சும்மா" என்றார் ராசு. "புடிச்சதுனால வேற எதுவும் கேக்கல."

"ரெத்தினத்துக்குப் போன் போட்டுட்டேன்" என்றாள் எல்லையம்மாள், யாருக்கென்று இல்லாமல். "இந்த வருசம் இவரு வரலன்னு."

ராசு கூரையைப் பார்த்தார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவர்கள் கல்லைத் தேடியதே.

சில நாள் கழித்து, புது ஸ்ப்ளின்ட் போட்டு, முதல் அசைவுக்கு அவரை ஷோபனாவின் அறைக்குக் கூட்டி வந்தார்கள். அவள் வேலை ஆனிக்கு மேல் இருக்குமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. வாசலில் வழக்கம்போல் கூட்டம். அன்று கரண்ட் இருந்தது, ஃபேன் தன் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. வெட்டிச் சேர்த்ததில் மோதிரவிரல் முன்னை விடக் கொஞ்சம் வளைந்தே இருந்தது. இனி முழுசாக நீளாது. ஆனால் மடங்கினால் போதும், கயிற்றைப் பிடிக்கலாம்.

இந்தத் தடவை ஷோபனா எல்லாவற்றையும் சொன்னாள். எப்போது இளகும், எப்போது இறுகும், எது கூடாது, ஏன் கூடாது. வெளியே நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நிற்கட்டும் என்று விட்டாள். ராசு கேட்டுக்கொண்டார். எத்தனை கிலோ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று அவளுக்குப் பட்டது; ஒரு கிலோகூட இல்லை என்று சொல்லவாவது வாய்ப்பு இருந்திருக்கும்.

அவள் தன் இடது கையால் அவர் மணிக்கட்டைத் தாங்கினாள். வலது கை விரலை அவர் விரலுக்கு அடியில் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் ராசு. "மடக்கவா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற வார்த்தை அது. தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். வரவில்லை. உள்ளே இருக்கிற நைந்த முனைகள்தான் கண்ணில் நின்றன. இன்னொரு தடவை போனால் தைக்க ஒன்றும் இருக்காது. அவர் விரலுக்கு அடியில் இருந்த தன் விரலை ஒருமுறை எடுத்து மறுபடி வைத்தாள். அது அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாமல் எப்படி இருக்கும்.

எல்லையம்மாள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ராசு காத்திருந்தார். அவர் நெற்றியில் வேர்த்தது.

"உங்களுக்கே பயமா இருக்கா?" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே."

"நீங்க பயந்தா நான் எங்கம்மா போவேன்?"

ஷோபனா அவர் மணிக்கட்டை நன்றாகத் தாங்கிக்கொண்டாள். "மடக்குங்க" என்றாள். ராசு கண்ணை மூடிக்கொண்டு மடக்கினார்.